பதின்மூன்றாவது வரி

கொழும்பு,
6.5.2025

அன்பின் இஷ்ராவுக்கு, ஸலாம்.

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் பஸ் பார்சலோடு இதை வைக்கிறேன். கண் தெரியாதவர்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டும் அந்த இலவச மென்பொருளை, உன் வாசிப்பு நிலையத்துக் கம்ப்யூட்டருக்காக இங்கே என் கம்ப்யூட்டரிலேயே மூல நிரலிலிருந்து கட்டி, பென்டிரைவில் போட்டிருக்கிறேன். கட்டுவதற்கு முன் ஸ்கிரிப்ட் என்கிற ஒரு சின்ன நிரல் இயந்திரத்திடம் எல்லா விவரமும் தானே விசாரித்துக்கொள்ளும். நீ ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை.

தெஹிவளையில் நாம் இருவரும் குடியிருக்க வீடும் பார்த்துவிட்டேன். ஹஜ் பெருநாள் முடிந்ததும் வந்துவிடு.

உன்
றிஷாத்

ஹட்டன்,
14.5.2025

அன்புள்ள உங்களுக்கு, ஸலாம். இருமல் குறைந்ததா?

ஆண்டியப்பன் அண்ணன் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து தடவித் தடவி இறங்கி வந்து, அரை மணி நேரம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். "என்னாங்க டீச்சர், பொட்டி ஊமையா இருக்கு?" என்றார். உங்கள் ஸ்கிரிப்ட் கொழும்பு இயந்திரத்தை விசாரித்து, அதன் பதிலை எங்கள் பழைய இயந்திரத்தின் தலையில் கட்டியிருக்கிறது. வீட்டு விஷயமும் அப்படித்தான். எனக்குக் கோபம்.

ஸ்கிரிப்டை விட்டுவிட்டு, எங்கள் இயந்திரத்தின் விவரங்களைப் பன்னிரண்டு வரிக் கோப்பாகக் கையால் எழுதி நானே கட்டினேன். நேற்று அண்ணன் மரண அறிவித்தல் வரை கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். ஆனால் அதே பன்னிரண்டு வரி தலவாக்கலை நிலையத்தில் எடுபடவில்லை. இப்படியே போனால் ஒவ்வோர் ஊருக்கும் நானே பஸ் ஏற வேண்டும்.

இஷ்ரா

கொழும்பு,
23.5.2025

அன்பின் இஷ்ரா,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். வெட்கமாக இருந்தது.

ஸ்கிரிப்டை இனி அந்தந்த ஊர் இயந்திரத்திலேயே ஓட்டச் சொல். முக்கால் மணி நேரம் பிடிக்கும், ஆறுதலாக ஒரு பிளேன்டீ குடிக்கலாம். தனக்குத் தெரியாததை அது ஊகிக்காமல், வரியை வெறுமையாக விடும்படி மாற்றியிருக்கிறேன். அதை அங்கே இருப்பவர்கள் எழுதட்டும்.

நீ கடிதத்தோடு அனுப்பிய பன்னிரண்டு வரிக் கோப்பின் கீழே நான் ஒன்று சேர்த்து அனுப்புகிறேன்: 'இஷ்ரா இருக்க விரும்பும் ஊர்.' தெஹிவளை வீட்டுக்காரரைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

றிஷாத்

ஹட்டன்,
1.6.2025

என் அன்புள்ள உங்களுக்கு, ஸலாம்.

தலவாக்கலைப் பெட்டியும் பேசுகிறது. ஸ்கிரிப்ட் இரண்டு வரியைத்தான் வெறுமையாக விட்டது. அங்கிருக்கும் மீனம்மாவே நிரப்பிவிட்டாள், நான் போகவில்லை.

பதின்மூன்றாவது வரியில் ஹட்டன் என்று எழுதிவிட்டேன். அதன் கீழே நானும் ஒரு வரி சேர்த்தேன்: 'றிஷாத் இருக்க விரும்பும் ஊர்.' அதிலும் ஹட்டன் என்று எழுதக் கை துறுதுறுத்தது.

எழுதவில்லை, உங்களுக்காக வெறுமையாக விட்டேன். அந்தக் கோப்பு இதோடு வருகிறது.

உங்கள்
இஷ்ரா