நம் வீட்டுக் கூடத்தில் கட்சியைக் கலைத்தார்கள்

நாகஓகா, அக்டோபர் 1940

அன்பு மகள் சாத்தோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்குக் குறைவில்லை, பிரேசிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டும். சீனப் போர்முனையிலிருந்து உன் தம்பி யசுஹிகோவின் அட்டை ஒன்று வந்தது, உயிரோடிருக்கிறான் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. இதைத் தபாலில் போடாமல், அங்கே வரக் கப்பலேறும் மியாஷிதா வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன், யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

தோக்கியோவில் கட்சிகள் தாமாகவே கலைந்ததும் அப்பாவின் கட்சிக்காரர்கள் ஊர்க்கிளையை மூட நம் வீட்டில் கூடினார்கள். ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு வந்த வருஷம் உன்னைத் தோளில் வைத்துத் தெருவில் ஆடிய மனுஷர்தான் அப்பா. எங்களுக்கு எப்போது என்று நான் கேட்டதற்கு, "கொஞ்சம் பொறு, அடுத்தது பொம்பளைங்களுக்குத்தான்" என்றார். பொறுத்தேன். இப்போது சோயா ஆலைக்கார குவாபாரா, "பசங்க ரத்தம் சிந்துறப்ப நமக்கென்னய்யா கட்சி? எல்லாம் ராணுவம் பாத்துக்கும்" என்றதும் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். அப்பா என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே அவரும் தூக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ரத்தம் சிந்துறவன் என் புள்ள. அவன அனுப்பலாமான்னு எவனும் என்னைக் கேக்கல. ஓட்டப் போட்டுக் கேக்குற உரிமை உங்களுக்காவது இருந்துச்சு. வேண்டாம்னா எங்ககிட்டக் குடுத்திருக்கலாமே, இப்படியா தூக்கிப் போடுவீங்க?" என்றேன். குவாபாரா சிரித்துக்கொண்டே, "அண்ணிக்கு வெயில் தலைக்கேறிடுச்சு" என்றார்.

மறுநாளே போலீஸ்காரர் வாசலுக்கு வந்து, பெண்டாட்டியை அடக்கி வைக்கும்படி அப்பாவிடம் சொன்னார். அப்பா நிதானமாக, "அவ பேசினது நான் பேசியிருக்க வேண்டியது. என் பேர்லயே எழுதிக்குங்க" என்றார். அழைத்துப் போய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்து வந்தார், இடது காது சரியாகக் கேட்கவில்லை. கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன், கோபம் மட்டும் ஆறவில்லை சாத்தோ. வாசலில் நின்று சொன்னதைக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாமே! அதனால் எதுவும் நின்றிருக்காது, எனக்கும் தெரியும். ஆனால் ஊர்ப் பத்திரிகையில் 'ஏகமனதாக' என்று போட்டிருக்க முடியாது.

குழந்தைக்கு என் முத்தம், மூவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழுங்கள். பதிலில் காப்பித் தோட்டத்தையும் மழையையும் பற்றி மட்டும் எழுது, உன் கடிதங்கள் பிரித்துத்தான் எங்கள் கைக்கு வருகின்றன.

உன் அம்மா,
தோமி