பந்தை நிறுத்தியவனுக்கு

மச்சான்,

இன்று காலை என் மனைவி அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தேன். கிளப்புக்கு நான் கூடைப்பந்து ஆடியபோது போட்ட பனியன் அது. முதுகில் எண்கூட அழியவில்லை. "இதைப் போயா?" என்றேன்.

"எடுத்து வச்சு என்ன செய்ய? யாரு வந்து கேக்குறா?" என்றாள்.

உன் தேய்ந்த பந்தையோ பபேடான் வட்டாரத்தில் நம் தெருத் தேநீர்க் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நம் தெருவில் சாமான் ஏற்றுவதற்கு மாடிக்கு மாடி மணி கட்டிய கயிறு தொங்குமே, நீ பந்தைக் கூடையில் போட்டதும் அத்தனை மணியையும் ஆட்டுவார்கள். நான் போட்டால் ஒரே மணி. அதுவும் என் உம்மா ஆட்டுவது.

கிளப் தேர்வுக்கு இருவரும்தான் போனோம். நீ எல்லோரையும் ஏய்த்துக்கொண்டு பந்தோடு பாய்ந்தாய். அந்த நேரம் பார்த்து, கூடைக்குப் பின்னால் வயதான புத்தத் துறவி அம்மா ஒருவர் நடந்துபோனார். பெரியவர்கள் கடந்தால் பந்தைக் கையில் பிடித்து நிற்பது நம் தெருப் பழக்கம். நீ அங்கேயும் நின்றாய். எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டு போனான். பயிற்சியாளர் கத்தினார்.

"அவங்க போகட்டும், சயா" என்று அந்த வாத்தியாரிடம் சொன்னாய்.

என்னை எடுத்தார்கள், உன்னை அனுப்பிவிட்டார்கள். திரும்பும் பேருந்தில், "கை தானா நின்னுடுச்சு மச்சான், நான் என்ன செய்ய?" என்று சிரித்தாய். போதாததற்கு எனக்காக மனதாரச் சந்தோஷப்பட்டாய். அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சல்.

நான் ஜெயித்த ஆட்டங்கள் ஒருவருக்கும் ஞாபகமில்லை. நீ கோட்டைவிட்ட அந்த ஒரு நாளைத் தெருவே கதை கதையாகச் சொல்கிறது. போன வாரம் தேநீர்க் கடையில் ஒருவர், "நீங்க அவர்கூட ஆடுனவர்தானே?" என்று கேட்டார். கிளப்பில் ஆடியதைச் சொன்னேன். "அப்படியா" என்றுவிட்டு மறுபடி உன்னைப் பற்றியே கேட்டார்.

நீ கண்ணை மூடி மௌத்தான அன்று தெரு அடைத்துக் கூட்டம். தமிழர், பர்மியர், சீனர் எல்லோரும் உன்னைக் கிடத்திய சந்தூக்குக்குத் தோள் கொடுக்க முண்டியடித்தார்கள். நானும் இடித்துத் தள்ளி இடம் பிடித்தேன். உனக்காக இறைவனிடம் துஆ கேட்க வேண்டிய நேரத்தில், எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்றுதான் நினைத்தேன்.

நாலடி நடந்ததும் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். பின்னாலிருந்தவர் என் முதுகைத் தட்டித் தட்டிக் கேட்டார். நான் விடவில்லை. இந்த இடமாவது எனக்கு இருக்கட்டும் என்று தெருமுனையில் நின்ற வண்டிவரை நானே சுமந்தேன். பொறாமையோடு சேர்த்து உன்னை இன்னும் இறக்கி வைக்கவில்லை, மச்சான்.