மாற்றிப் போடாத வீடு

பெல்லாமி கோவ், ஜமைக்கா
5 ஜூன் 2016

அன்புள்ள மெர்லீன் அக்காவுக்கு,

வினெட் எழுதுகிறேன். நலம். டொரன்டோ குளிர் விட்டு உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய பீப்பாய் போன வாரம் வந்து சேர்ந்தது. அரிசி, சோப்பு, சட்டைத் துணி எல்லாம் சரியாக இருந்தன. உங்கள் தம்பிக்கு என்று வாங்கி வைத்திருந்த செருப்பையும் ஏன் அதில் போட்டீர்கள்? அதைப் பார்த்ததும் அன்று முழுக்க எனக்கு அடுப்புப் பற்றவைக்கத் தோன்றவில்லை.

இனிமேல் தொலைபேசியில் பேச மாட்டேன், கடிதம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். காரணம் கேட்கவில்லை. ஆனால் லின்வலை வழியனுப்பும் ஒன்பதாம் இரவுச் சடங்குக்கு அவருடைய ஒரே அக்கா வரவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். அதை மறைக்க மாட்டேன்.

உடல் கிடைக்காதவருக்கு எதற்கு ஒன்பதாம் இரவு என்று இங்கே சிலர் கேட்டார்கள். மார்ச் மாதம் கடலில் போட்ட மீன்கூட்டைத் தூக்கப் போனார், படகு மட்டும் திரும்பி வந்தது. இதற்கு மேல் எந்தச் சாட்சிக்குக் காத்திருப்பது? வறுத்த மீன், ரம், பாட்டு, டோமினோ, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. கடைசியில் முறைப்படி வீட்டை மாற்றிப் போட்டோம். கட்டில் எதிர்ச் சுவருக்குப் போனது, மேசை அலமாரி இருந்த மூலைக்குப் போனது. செத்தவர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தாலும் இது நம் வீடில்லை என்று போய்விட வேண்டுமே. அவர் ஏமாந்தாரோ இல்லையோ, நான் தினமும் கட்டிலில் இடித்துக்கொள்கிறேன்.

கடலடிப் பவளத் தோட்ட வேலைக்குத் திரும்பிவிட்டேன். கயிற்றில் தொங்கவிட்டு வளர்த்த மான்கொம்புப் பவளத் துண்டுகளைக் கொண்டுபோய், செத்த பாறையில் ஆணி அடித்துக் கட்டுவதுதான் வேலை. எண் எழுதிய வில்லைகளைப் பாசி மூடிவிடுகிறது. ஆற்று மழைத்தண்ணீர் கடலில் கலந்து கலங்கினால் நீட்டிய கையே தெரிவதில்லை. அதனால் ஜனவரியில் என் பாத்தியை எங்கள் வீடு மாதிரியே நட்டுவிட்டேன். இது கட்டில், இது மேசை, இது அடுப்பு. கண்ணை மூடிக்கொண்டு போவேன். கூட முங்குகிற பர்னெலுக்கு ஒரே சிரிப்பு. "எல்லாம் சரி வினெட், கக்கூஸ எங்க வெச்ச?" என்கிறான். வாசல் பக்கம் நீங்கள் வந்தபோது உட்கார்ந்த நாற்காலிகூட உண்டு, அக்கா. ஐந்து கொம்பு.

அன்புடன்,
வினெட்

*

டொரன்டோ
24 ஜூன் 2016

அன்புள்ள வினெட்டுக்கு,

செருப்பை நான் வைத்துக்கொண்டு என்ன செய்வேன், சொல். கதவருகே கிடந்து தினமும் என்னைப் பார்த்தது. அதுதான் அனுப்பினேன். யாருக்காவது கொடுத்துவிடு.

வீட்டை மாற்றிப் போட்டது நல்லது. ஜன்னல் திரையையும் மாற்றினாயா? அவன் சின்ன வயசிலிருந்தே பிடிவாதக்காரன். ஒரு திரை போதும் அவனுக்கு, இது நம் வீடு என்று உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிடுவான்.

நான் பார்த்துக்கொள்ளும் கிழவி இந்த மாதம் என்னை இரண்டு முறை திருடி என்று கூப்பிட்டாள். மூன்றாம் முறை கூப்பிட்டால் நிஜமாகவே எதையாவது எடுத்து வந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

கடைசி நாட்களில் லின்வல் என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா? வேண்டாம், எழுதாதே.

அன்புடன்,
மெர்லீன்

*

பெல்லாமி கோவ்
20 ஜூலை 2016

அன்புள்ள மெர்லீன் அக்காவுக்கு,

ஒரு விஷயம் எழுத வேண்டும். என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

பவளத்தைத் தின்னும் நத்தை ஒன்று உண்டு, கட்டைவிரல் நகம் அளவுதான். கொம்பின் அடியில் ஒட்டிக்கொண்டு மேலே மேலே வழித்துத் தின்னும். அதைப் பொறுக்குவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். பர்னெலின் பாத்தியில் தினமும் ஒரு பை நிறைய. என் பாத்தியில் ஆறு வாரமாக ஒன்றுகூட இல்லை. பாசியும் இல்லை. யாரோ துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. மேலாளர் ரீட் வந்து எண்ணிவிட்டு, "அறுபது நட்டதுல அறுபதும் உசுரோட நிக்குது. தண்ணிக்குள்ள என்னம்மா மந்திரம் போடுறே?" என்றார்.

திங்கட்கிழமை நடுப்பகல், தண்ணீர் தெளிந்திருந்தது. மேசைக்குப் பக்கத்துப் பாறையில் நத்தை ஓடுகள் கிடந்தன. உள்ளே ஒன்றுமில்லை, காலி ஓடு. சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக அடுக்கியிருந்தது. உங்கள் தம்பி மீன் சாப்பிட்டால் முள்ளைத் தட்டின் ஓரத்தில் எப்படி அடுக்குவார்? உங்களுக்குத் தெரியும். மேசையில் அவர் உட்காரும் பக்கம்தான் அந்த வரிசையும் இருந்தது.

நான் கலைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மறுபடி அடுக்கியிருந்தது.

எனக்குப் பயமாக இல்லை, அக்கா. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

வினெட்

*

டொரன்டோ
3 ஆகஸ்ட் 2016

வினெட்,

நீ செய்திருப்பது உனக்குப் புரிகிறதா? மேலே இருக்கும் வீட்டை மாற்றிப் போட்டாய். கடலுக்குள் ஒரு வீட்டைக் கட்டி, அதை அப்படியே விட்டுவிட்டாய்! கடலில் செத்தவன் எந்த வீட்டுக்குப் போவான்? கட்டில் இருந்த இடத்தில் கட்டில் இருக்கிறது, மேசை இருந்த இடத்தில் மேசை இருக்கிறது. அவன் குடியே வந்துவிட்டான்.

போய் அதை மாற்றிப் போடு. கொஞ்சம் பவளம் செத்தால் சாகட்டும். இன்று பாத்தி துடைப்பான். நாளைக்கு வீட்டுக்காரி எங்கே என்று தேட மாட்டானா? போன வாரம் உங்கள் ஊரிலிருந்து இங்கே வந்தவரிடம் பர்னெல் சொல்லி அனுப்பியிருக்கிறான். நீ எழுதாதது அது: காற்று தீரும்வரை நீ மேலே வருவதில்லையாம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு அங்கே மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான்.

மெர்லீன்

*

பெல்லாமி கோவ்
19 ஆகஸ்ட் 2016

அன்புள்ள மெர்லீன் அக்காவுக்கு,

நீங்கள் எழுதியது எனக்கு முன்பே தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொண்டேன். ஐந்து மாதம் தனியாகப் படுத்திருந்தவளுக்கு அதுகூடக் கிடைக்கக் கூடாதா?

போன வியாழக்கிழமை கட்டில் என்று நட்ட கொம்புகளுக்கு நடுவே மணலில் கொஞ்சம் சாய்ந்தேன், வீட்டில் நான் படுக்கும் சுவரோரப் பக்கத்தில். மற்றப் பக்கத்து மணல் அமுங்கியது. மீன் இல்லை, அலையும் இல்லை. ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மெதுவாக அமுங்கியது. எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்தது. காற்று அளக்கும் முள் சிவப்பில் நின்றதை நான் பார்க்கவே இல்லை. பர்னெல் என் பட்டையைப் பிடித்து மேலே இழுத்தான். படகில் போட்டு, "சாகணும்னா வேற எடத்துல போய் சாவு. இது என் வயித்துப் பொழப்பு!" என்று கத்தினான். கத்தி முடித்ததும் அவனே அழுதுவிட்டான்.

ஆகவே மாற்றிப் போட முடிவு செய்துவிட்டேன். மறுபடி பிடுங்கி நட்டால் மூன்றில் ஒரு பங்கு தேறாது என்கிறார் ரீட். ஆற்றுத் தண்ணீர் வடிந்த பிறகு, செப்டம்பர் 3 சனிக்கிழமை பர்னெலும் நானும் போகிறோம். எனக்காக ஜெபம் செய்யுங்கள்.

வினெட்

*

டொரன்டோ
31 ஆகஸ்ட் 2016

வினெட், என் கண்ணே,

மாற்றாதே. காலில் விழுகிறேன், கொஞ்சம் பொறு.

நான் ஏன் தொலைபேசியைத் தொடுவதில்லை என்று நீ கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். அவன் கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் நான்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன். இங்கே வந்துவிடு, வேலை பார்த்து வைத்திருக்கிறேன் என்று நாலாவது வருஷமாகக் கெஞ்சினேன். "எனக்குக் கடல் போதும்க்கா" என்று சிரித்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ அந்தக் கடல்லயே கெட! என் வாசல்ல இனி கால் வெக்காத!" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அவன் நான் சொன்னபடியே செய்துவிட்டான்.

உன் கடிதம் வந்ததும் மூன்று முறை தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அதனுள்ளே நான் சொன்ன அந்த வார்த்தைதான் கேட்கிறது, விரல் உன் எண்ணில் போக மாட்டேன் என்கிறது. அதனால் ஓடிப்போய் விரைவுத் தபாலில் சேர்க்கிறேன். அவன் அங்கே இருக்கிறபோதே நீ ஒரு வார்த்தை சொல். அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டாள் என்று சொல். அதற்குப் பிறகு வீட்டை மாற்று.

மெர்லீன்

*

பெல்லாமி கோவ்
18 செப்டம்பர் 2016

அன்புள்ள மெர்லீன் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பதின்மூன்றாம் தேதி கைக்கு வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பே நான் வீட்டைக் கலைத்துவிட்டேன்.

முதலில் உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் போதுமே! கட்டிலை நான்தான் உளியால் பெயர்த்தேன். ஒவ்வொரு ஆணிக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மறுநாளிலிருந்து மேசையில் வரிசை இல்லை. ஒரு வாரத்துக்குள் நத்தைகள் மொய்த்துக்கொண்டன. இதுவரை பதினெட்டு செத்துவிட்டது. கடல் வெறும் கடலாகக் கிடந்தது. நீங்கள் சொல்லச் சொன்னதைப் பதினான்காம் தேதி போய்ச் சொன்னேன். கேட்க அங்கே யாரும் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

திரும்பும்போதுதான் வாசல் பக்கம் பார்த்தேன். உங்கள் நாற்காலியை நான் மாற்றவே இல்லை, அக்கா. அது எங்கள் சாமான் இல்லை, விருந்தாளி சாமான் என்பதால் அந்த நினைப்பே வரவில்லை. மேலே வீட்டிலும் அப்படித்தான். ஒன்பதாம் இரவில் எல்லாவற்றையும் மாற்றினோம், அதை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

பாத்தி முழுக்க நத்தை தின்கிறது. அந்த ஐந்து கொம்பில் மட்டும் ஒரு நத்தைகூட இல்லை, பாசியும் இல்லை. பளிச்சென்று இருக்கிறது. பக்கத்திலேயே ஓட்டு வரிசை, சிறியதிலிருந்து பெரியதாக. அன்றிலிருந்து தினமும் ஒரு ஓடு கூடுகிறது.

கோபமாக இருக்கிறவர் நாற்காலியைத் துடைத்து வைக்க மாட்டார்.

அதை நான் நகர்த்த மாட்டேன். பர்னெலையும் தொட விட மாட்டேன். நீங்கள் வாருங்கள். தண்ணீருக்குள் மூச்சு விடுவதை ஒரு வாரத்தில் நானே கற்றுத் தருகிறேன். உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் கையாலேயே இடம் மாற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

இந்த முறை பீப்பாய் வேண்டாம். நீங்கள் வந்தால் போதும்.

அன்புடன்,
வினெட்