ரத்தான கப்பலுக்கு நீங்கள் போட்ட கையெழுத்து

அண்ணாச்சி,

நேற்றுக் காலை உங்கள் வீட்டில் இருந்து மைனி என் கடைக்கு வந்து, உங்கள் பச்சை ஃபைலை என் மேஜைமேல் வைத்தார்கள். "பேங்க்ல துட்டு ஏறிட்டு தம்பி. இனி இது எனக்கு எதுக்கு? நீயே வச்சுக்க" என்றார்கள். ஒரு வாய் டீ குடிக்கச் சொன்னதற்கும் நிற்கவில்லை, வெயில் ஏறும் முன்னே போகணும் என்று கிளம்பிவிட்டார்கள். ஃபைலைத் திறந்தால் குப்பென்று பாச்சா உருண்டை வாசம். எந்தக் காகிதமாக இருந்தாலும் நடுவில் ஒரு பாச்சா உருண்டையைப் போட்டு மூடுவீர்கள் நீங்கள். கரண்ட் பில்லைக்கூடப் பூச்சி தின்றுவிடும் என்று பயந்த மனுஷன் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான் இருப்பீர்கள்.

அந்தக் காகிதங்களுக்கு நடுவே ஒரு தாள் இருந்தது. அதைப் பார்த்ததில் இருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அது என்ன தாள் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நீங்கள் எதிரே உட்கார்ந்திருந்த இத்தனை சாயங்காலத்தில் ஒன்றில்கூட எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் டாலி கிளார்க் வேலை பார்த்தீர்கள். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் குறிக்கிற வேலை. சரியாக இறங்கியதற்குச் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக், குறைந்ததற்கு ஒரு வட்டம். ஒன்பது மூட்டை குறைந்ததென்று ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரனை ரெண்டு மணி நேரம் காக்க வைத்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! அவன் சிகரெட் பெட்டியை நீட்டினானாம், அப்புறம் சத்தம் போட்டானாம். "நான் எண்ணல. எண்ணாததுக்குக் கையெழுத்து கெடையாது" என்று நின்றீர்களாம். அந்த இடம் வரும்போது குரல் தானாகவே ஒரு படி ஏறிவிடும் உங்களுக்கு.

ரிட்டையர் ஆன பிறகு, தினமும் நாலரை மணிக்கு என் டிராவல்ஸ் கடைக்கு வந்துவிடுவீர்கள். எதிர் நாற்காலி உங்களுடையது. என் மேஜையில் கிடக்கிற காகிதத்தை எல்லாம் அந்தப் பக்கம் இருந்தே, தலைகீழாகவே படித்துவிடுவீர்கள். கப்பல் அதிகாரிகள் கணக்குத் தாளைக் காட்டமாட்டார்களாம், அதனால் பழகிக்கொண்ட வித்தையாம். "ஏலே, மதுரை டிக்கெட்ல தேதி தப்பா கெடக்கு பாரு" என்று அங்கிருந்தே சொல்லுவீர்கள். பார்த்தால் தப்பாகத்தான் இருக்கும். எரிச்சலாகவும் வரும், சிரிப்பாகவும் வரும்.

கப்பலுக்குப் போகிற ஆசை உங்களுடையது இல்லை, மைனியுடையது. ஆலந்தலையில் பிறந்தவர்கள். அப்பா வள்ளக்காரர், தாத்தா முத்துக்குளித்தவர், கூடப்பிறந்த நாலு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். ஆனால் உங்கள் கரையில் பெண்பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றுகிற வழக்கம் கிடையாது. மீனை ஏலம் கூறலாம், கருவாடு காயப்போடலாம், வள்ளத்தில் மட்டும் கால் வைக்கக்கூடாது. புக்கிங் செய்ய வந்த அன்றைக்கு மைனி இந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது என் காதிலேயே நிற்கிறது: "அம்பத்தெட்டு வருசமா கரையில நின்னு கடலப் பாத்தாச்சு தம்பி. ஒரு மட்டமாவது அங்கன போயி, கரையத் திரும்பிப் பாக்கணும்."

கொச்சியில் இருந்து நாலு நாள் பயணம், ஜன்னல் வைத்த அறை. உங்கள் ரிட்டையர்மெண்ட் துட்டில் ஒரு பங்கு. போனில் வந்த ஓ.டி.பி. எண்ணை ஒவ்வொன்றாக ரெண்டு தடவை வாசித்துக் காட்டினீர்கள், மூட்டை எண்ணுகிற அதே குரலில். மைனி ஸ்வெட்டர் வாங்கினார்கள். தூத்துக்குடியில் ஸ்வெட்டர்! கடைக்காரன் கோடவுனில் போய்த் தேடி எடுத்து வந்தானாம். அதைச் சொல்லிச் சொல்லி நாம் சிரித்த சிரிப்பு ஓயும் முன்னேயே ஊரடங்கு வந்துவிட்டது. கப்பல் ரத்து.

கம்பெனியில் இருந்து ரெண்டு மெயில் வந்தது, ரெண்டையும் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்திருந்தேன். ஒன்று பயணிகளுக்கு. முழுத் துட்டையும் ரீஃபண்டாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அதைக் கிரெடிட்டாக வைத்துக்கொண்டு பிறகு பயணம் போகலாம். கிரெடிட் என்றால் கால் பங்கு கூடுதல். இன்னொன்று எங்களைப் போன்ற ஏஜெண்டுகளுக்கு. பயணி ரீஃபண்ட் கேட்டால், எங்களுக்குக் கொடுத்த கமிஷனை நாங்கள் திருப்பிக் கட்ட வேண்டும். கிரெடிட் எடுத்தால் கட்ட வேண்டாம்.

பதினொரு குடும்பத்துக்கு நான் கப்பல் டிக்கெட் போட்டிருந்தேன் அண்ணாச்சி. அந்தக் கமிஷன் வந்த கையோடு வாடகைப் பாக்கிக்குப் போய்விட்டது. ரயில் இல்லை, விமானம் இல்லை, போன் அடித்தால் எல்லாம் ரத்து செய்யச் சொல்கிற போன். வேலைக்கு இருந்த பிள்ளையை அழுதுகொண்டே வீட்டுக்கு அனுப்பினேன். எல்லோரும் ரீஃபண்ட் கேட்டால் கடையை அந்த மாதமே சாத்த வேண்டியதுதான். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, முகக்கவசத்தோடு குனிந்து உள்ளே வந்தீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினேன். "ரீஃபண்டுக்கெல்லாம் மாசக்கணக்கா இழுப்பான் அண்ணாச்சி, கெடைக்குமான்னே தெரியாது. கிரெடிட் எடுங்க. கூடுதல் துட்டுக்கு மைனிக்குப் பால்கனி ரூமே போட்டுரலாம்." ரீஃபண்ட் கிடைக்காது என்று கம்பெனி எங்கேயும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது. படிவத்தில் கிரெடிட் கட்டத்தில் நானே பேனாவால் குறி போட்டு, ரெண்டு பிரதி எடுத்து நீட்டினேன். "வீட்டுக்குக் கொண்டு போறேன், நாளைக்குத் தாரேன்" என்றீர்கள்.

மறுநாள் ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "முழுசாப் படிச்சிட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். எந்த மூஞ்சியோடு கேட்டேனோ! "நீ படிச்சிருப்பேல்லா, போதும்லே" என்றுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஒன்பது மூட்டைக்காகக் கப்பலையே நிறுத்தி வைத்தவர், என் பேச்சை நம்பிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்று அன்றைக்கு எனக்குள் ஒரு முள் இறங்கியது. மற்றப் பத்துக் குடும்பத்துக்கும் அதே பொய்யைத்தான் சொன்னேன். அவர்கள் எல்லாம் பிறகு பயணம் போய்வந்து போட்டோ அனுப்பினார்கள். நீங்கள் மட்டும் போகவில்லை.

கப்பல்கள் மறுபடி ஓட ஆரம்பித்ததும் உங்களுக்குத்தான் முதலில் தேதி போட்டேன். பால்கனி அறையேதான். புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே போய்விட்டீர்கள். பக்கத்தில் காப்பி அப்படியே இருந்தது என்றார்கள் மைனி. ஒரு வருஷத் துக்கம் முடிகிற வரையில் கோயிலுக்குத் தவிர எங்கேயும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வருஷத்துக்குள்ளேயே கிரெடிட்டின் கடைசித் தேதி முடிந்துபோனது.

அதற்கப்புறம் நடந்த கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிரெடிட் உங்கள் பேரில் இருக்கிறதாம், வேறு ஆளுக்கு மாற்ற முடியாதாம். இறப்புச் சான்றிதழை அனுப்பினேன். அதற்குப் பதில் வந்தது: கிரெடிட் வைத்திருப்பவர் தன்னுடைய மெயிலில் இருந்து சம்மதம் தெரிவிக்க வேண்டும். 'அவர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார், அங்கே நெட் கிடைக்காது' என்று கோபத்தில் தட்டிவிட்டேன். அனுப்பும் முன்னே அழித்தேன். வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். மைனியைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை! அதைக் கொடுத்தால், துட்டு கட்டிய அதே கார்டுக்குத்தான் போடுவோம் என்றார்கள். அந்தக் கணக்கை பேங்க்காரன் மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. போன் போட்டால் ஒரு பாட்டு, அப்புறம் ஒரு பிள்ளை, அது முதலில் இருந்து கதை கேட்கும். அதையும் குறை சொல்ல முடியாது, பாவம், எழுதிக் கொடுத்ததைத்தானே படிக்கும்?

வெள்ளிக்கிழமைதோறும் மைனி வந்து உங்கள் நாற்காலியில் உட்காருவார்கள். நான் மெயில் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "விடு தம்பி, நீ எதுக்கு இப்படி மாய்ஞ்சு போற?" என்பார்கள். எனக்கு விட முடியவில்லை. ஏன் விட முடியவில்லை என்று அவர்களிடம் சொல்லவும் முடியவில்லை. கடைசியில் தெரிந்த வக்கீல் ஒருவரை வைத்து, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்று நோட்டீஸ் விட்டோம். ரெண்டு வருஷத்துக்கும் மேல் ஆட்டம் காட்டியவர்கள் அசைந்து கொடுத்தார்கள். கால் பங்கு கூடுதலெல்லாம் கிடையாது. நீங்கள் கட்டிய துட்டு மட்டும் போன வாரம் மைனி கணக்கில் ஏறியது. அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தேன்.

நேற்று அந்த ஃபைலைத் திறந்தேன். உங்களிடம் இருந்த பிரதி அண்ணாச்சி, அந்தப் படிவத்தின் ரெண்டாவது பிரதி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சில் டிக். பொடி எழுத்து நிபந்தனைக்கெல்லாம் டிக். 'முழுத் தொகையையும் மூன்று மாதத்துக்குள் திரும்பப் பெறலாம்' என்ற வரிக்கு மட்டும் டிக் இல்லை. சுற்றி ஒரு வட்டம். பென்சில் அழுந்திப் பின்பக்கம் வரை தடம் விழுந்திருந்தது.

படித்திருக்கிறீர்கள். நான் சொல்லாமல் விட்டதைப் பிடித்து, குறைந்தது என்று வட்டமும் போட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

கடையைப் பூட்டிக்கொண்டு நேரே மைனியிடம் ஓடினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். தாளை நீட்டி, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். மைனி அசரவே இல்லை. சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள்.

"இதத்தான் இத்தன நாளா மென்னு முழுங்கிக்கிட்டுக் கெடந்தியா? எங்களுக்கு அன்னைக்கே தெரியும்லா. உன் மேசையில இன்னொரு தாளு கெடந்துச்சாம். அத தலைகீழாப் படிச்சிட்டு வந்துட்டாவ. 'நாம துட்டத் திருப்பிக் கேட்டா அவன் கமிஷனத் திருப்பிக் கட்டணும், கடையச் சாத்திருவான்'னாவ. கப்பல் அடுத்த வருசமும் வரும், சாத்துன கட தொறக்குமா, கையெழுத்தப் போடுங்கன்னு நாந்தான் சொன்னேன்."

"அப்பவே என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே மைனி!"

"நானும் அதத்தான் சொன்னேன். அவுகதான் வேண்டாம்னுட்டாவ. 'தெரிஞ்சுதுன்னா அவன் வெக்கப்பட்டு என் மூஞ்சில முழிக்க மாட்டான், பொறவு சாயங்காலம் நான் எங்கன போயி உக்காருதது'ன்னாவ."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன் அண்ணாச்சி. கப்பலில் போக ஆசைப்படாத நீங்கள் விட்டுக்கொடுத்தது ஒரு பக்கம். அம்பத்தெட்டு வருஷ ஆசையை, எனக்காக ஒரே சாயங்காலத்தில் எடுத்துத் தள்ளி வைத்த மைனி, அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் என் எதிரே உட்கார்ந்து, தெரிந்ததை முகத்தில் காட்டாமல் இருந்தார்களே! நான் என்னமோ அவர்களுக்காக மாய்ந்து மாய்ந்து மெயில் தட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் துவண்டுவிடாமல் துணைக்கு உட்கார்ந்திருந்தது அவர்கள்தான்.

இன்றைக்குக் காலையில் மறுபடி போனேன். "மைனி, இந்தத் துட்டுலேயே கப்பலுக்குப் போவோமா? என் வீட்டுக்காரியும் கூட வாரேங்கா, எங்க டிக்கெட்டு எங்க துட்டு" என்றேன். எழுந்து உள்ளே போனார்கள். பிறகு பீரோவைத் திறந்து ஸ்வெட்டர் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். அதிலும் பாச்சா உருண்டை.

கடைக்குக் கூட்டிவந்து, உங்கள் நாற்காலியில் உட்காரவைத்து, படிவத்தை முதல் வரியில் இருந்து சத்தமாகப் படித்தேன். ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும், இதில் எனக்கு எவ்வளவு கமிஷன், எல்லாம். ஒவ்வொரு வரிக்கும் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டேன். இனி யார் வந்தாலும் இப்படித்தான். "அவுகள மாதிரியே படுத்துதியே" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில், மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன்: இந்தத் தடவை எனக்குக் கமிஷன் வேண்டாம் மைனி, அதைக் கழித்துவிடுகிறேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. என் கையில் இருந்த பென்சிலை வாங்கி, கமிஷன் வரிக்குப் பக்கத்தில் தன் கையாலேயே ஒரு டிக் போட்டார்கள்.

"அத நீ வேண்டாம்னுட்டா, அன்னைக்கு அவுக போட்ட கையெழுத்து எதுக்குலே?"