ஒரு வாய் ரொட்டி

இல்ஹோமின் அப்பாவுக்கு,

உங்கள் தம்பி கார் கொண்டுவந்துவிட்டார். நீங்கள் பருத்திக் காட்டிலிருந்து வரும்போது நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். நாளைக் காலையில் இடுப்பு மூட்டை மாற்றுகிறார்கள். அடுப்பில் சூப் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள். ஆட்டுக் கொட்டகைச் சாவி பக்கத்து வீட்டு சனோபரிடம்.

"இடுப்புக்குக் கீழ மட்டுந்தாம்மா மரத்துப்போகும். எலும்புல அடிக்கிற சுத்தியல் சத்தம் கேக்கும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். அன்றிலிருந்து நீங்கள் விறகு பிளந்தாலும் காதைப் பொத்திக்கொள்கிறேன். அந்தப் பயத்தில்தான் இன்று காலையில் உங்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

"ஒரு வாய் கடிச்சிட்டுப் போ மவ்லுதா. மீதியத் திங்க நீ திரும்பி வந்துதானே ஆகணும்?" என்று ரொட்டியை நீட்டினீர்கள்.

"உங்க புள்ள இல்ஹோமும் கடிச்சிட்டுத்தான் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான். பொட்டியிலதான வந்தான்?" என்று கேட்டுவிட்டேன்.

நீங்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அவன் கடித்த ரொட்டி நான்கு வருஷமாகச் சுவரில் தொங்குகிறது. அதை இறக்க உங்களுக்கும் மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

தம்பி ஹார்ன் அடிக்கிறார்.

மவ்லுதா

உங்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரை சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

இன்னொன்று. ரொட்டியைக் கடித்துவிட்டேன். துணியில் சுற்றி மேஜைமேல் வைத்திருக்கிறேன். அவனுடையதற்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். வேறு ஆணி அடியுங்கள், கொஞ்சம் தாழ்வாக. ஊன்றுகோலோடு நின்று நானே எடுக்க வேண்டும்.