பால்மாவு டின் வேகன்

ஞாயிறு, 9-8-1981

எங்கள் வீட்டுப் பொம்மை ரயிலுக்குத் தானிய வேகன் தேடித் தேடி அலுத்துவிட்டேன். கடையில் யானை விலை. இன்று கடையநல்லூர் நண்பர் காதர், தன் ரயிலுக்காகப் பால்மாவு டின்னை வெட்டித் தானே ஒன்று செய்து, காட்டக் கொண்டுவந்தார். ஸ்டேஷனில் நிற்கும் வேகன் மாதிரியே துருக்கறைகூடத் தீட்டியிருந்தார். உள்ளே குருணையைப் போட்டு அடிக்கதவை இழுத்தார். சரசரவென்று தண்டவாளத்தின் நடுவே கொட்டியது.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

காதரிடம் இருக்கும் ஒரு பொருளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதை நம் கையில் திணித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அவருடைய கைக்கடிகாரம் என்னிடம் வந்தது அப்படித்தான். அதனால், "பரவாயில்ல வே" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. "அடுத்தது நல்லாச் செய்யுதேன்" என்று வேகனைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

அதைவிட நன்றாக எவனாலும் செய்ய முடியாது, காதர்.