இருபத்தாறு அடி

புதுவாயல்
4.8.1974

அன்புள்ள விக்டோரியா,

சுகம்தானே.

ஆலயச் சுவர்கள் எழும்பிவிட்டன. கூரைக்கு எங்கள் கம்பெனியே ஒட்டுமர உத்திரம் தருகிறது. பலகைகளைப் பசை தடவி அடுக்கி அழுத்தி, நாங்களே செய்தவை. ஒரு அடி உயரம், நாலு அங்குல அகலம். சுவருக்குச் சுவர் இருபத்தாறு அடி. நாலு உத்திரம், மேலே ஓடு. ஜனவரியில் நம் கல்யாணம்தான் அங்கே முதல் ஆராதனையாம்.

டேராடூனில் நீ மரத்தைத்தானே சோதிக்கிறாய். தாங்கும் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. கட்டடக் கமிட்டித் தலைவர் ஆசீர்வாதம் மாமா அதற்குத்தான் காத்திருக்கிறார்.

அன்புடன்,
மோசஸ்

டேராடூன்
13.8.1974

அன்புள்ள மோசஸ்,

தாங்காது.

ஒரு வரி கேட்டீர்கள். ஒரு சொல்லே போதுமாக இருக்கிறது.

அந்த உத்திரத்துக்கு, அந்த ஓட்டுக்கு, பதினெட்டு அடிதான் எல்லை. மீதி எட்டடியை ஜெபத்தின் மேல் போடாதீர்கள். இன்னும் உயரமான உத்திரம் செய்யுங்கள். முடியாதென்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கம்பம்.

இங்கே ஓயாத மழை. துணி காய்வதில்லை. நீங்கள் 'சுகம்தானே' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் சுவருக்குப் போய்விட்டீர்கள்.

அன்புடன்,
விக்டோரியா

புதுவாயல்
26.8.1974

அன்புள்ள விக்டோரியா,

உயரமான உத்திரம் பலகை அழுத்தும் எங்கள் பிரஸ்ஸில் நுழையாது. கம்பத்தைப் பற்றிச் சொன்னேன். கமிட்டி சிரித்தது.

"இன்னா மாப்ளே, நடுப்பாதையில கம்பத்த நட்டா பொண்ணு எப்டி வரும்? நொண்டி ஆடிக்கினு வருமா? சாவுப் பெட்டிய எப்டி தூக்கினு போறது?" என்றார் ஆசீர்வாதம் மாமா. பின்னாலிருந்து ஒரு குரல்: "எங்கியோ குந்திக்கினு இவன ஆட்டி வெக்குது. கல்யாணத்துக்கு அப்பறம் பேஜாரு தான் நைனா."

நான் என்ன செய்ய? உத்திரங்களை ஏற்றிவிட்டோம். உனக்காகச் சோதித்தும் பார்த்தோம். ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் ஒரு உத்திரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து ஒரு ஞானப்பாட்டை முழுக்கப் பாடினார்கள். எல்லாச் சரணமும். கீழே பெண்கள் கைதட்டினார்கள். உத்திரம் முனகக்கூட இல்லை.

இனியாவது எழுது.

மோசஸ்

டேராடூன்
5.9.1974

மோசஸ்,

பாட்டு முடிந்ததும் அவர்கள் இறங்கிவிட்டார்கள். ஓடு இறங்காது.

நனைந்த ஓட்டின் பாரத்தில் உங்கள் பாடகர்கள் பாதிகூட இல்லை. மரம் உடனே பதில் சொல்லாது. இங்கே ஓர் உத்திரத்தில் சுமை ஏற்றி வைத்திருக்கிறோம். தினமும் பார்க்கிறேன். பார்க்கும்போது ஒன்றும் நடப்பதில்லை. போன மாதத்தோடு ஒப்பிட்டால் இறங்கியிருக்கிறது.

தாங்குமா என்று நீங்கள் கேட்கவே இல்லை. தாங்கும் என்று எழுதச் சொன்னீர்கள். அதுதான் எரிச்சல். கமிட்டி அல்ல.

எழுத மாட்டேன். அந்தக் கூரையின் கீழ் வரவும் மாட்டேன். மணப்பெண்ணாகக்கூட. எங்கள் ஊர் செவ்வாப்பேட்டையில் எங்கள் ஆலயம் இருக்கிறது. சின்னது. அங்கே வருவதானால் வாருங்கள். இல்லையென்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

விக்டோரியா

புதுவாயல்
24.11.1974

அன்புள்ள விக்டோரியா,

இத்தனை நாள் எழுதாதது கோபத்தால்தான்.

ஓடு வேய்ந்து முடித்த அன்று, யாரிடமும் சொல்லாமல், ஓர் உத்திரத்துக்கு ஒரு அங்குலம் கீழே, சுவருக்குச் சுவர் விறைப்பாக நூல் கட்டினேன். உன்னைப் பொய்யாக்கத்தான்.

ஐப்பசி முழுதும் மழை. போன ஞாயிறு நிமிர்ந்து பார்த்தேன். உத்திரத்தின் நடுப்பகுதி நூலில் உட்கார்ந்திருந்தது.

ஆசீர்வாதம் மாமாவைக் கூட்டிவந்து காட்டினேன். "யார்யா நூல மேல தூக்கி கட்னது?" என்றார். நூலின் இரண்டு முனைகளையும் தொட்டுக் காட்டினேன். அங்கே உத்திரத்துக்கு ஒரு அங்குலம் கீழேயே இருந்தன. பிறகு அவர் வெளியே போய் நின்றுகொண்டார். மழையில்.

நாலு கம்பமும் நட்டாயிற்று. ஜாக்கி வைத்து உத்திரங்களைத் தூக்கி, நானே நின்று நட்டேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. நடுப்பாதை இரண்டாகிவிட்டது. மணமக்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துதான் வரவேண்டும் என்கிறார் மாமா.

நேற்று பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். பெண்கள் உட்காரும் பக்கமாகவே இரண்டு பேர் சேர்ந்து போகலாம். கொஞ்சம் நெருங்கி நடக்க வேண்டும்.

இந்த முறை கேட்கிறேன். வருவாயா?

மோசஸ்